கணீரும் கத்தலும்

கேள்வி: இப்போது வரும் பாட்டுகளில் பெண்கள் ஏன் இப்படிக் கத்துகிறார்கள்? மென்மையாகப் பாட ஆளே இல்லையா? நாள் முழுக்க ஹெட்போனில் இதையே கேட்கும் என் பேத்தியின் காது என்னாகும்?
– தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: காதுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு 75 டெசிபல், அதுவும் வாரம் 40 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பேத்தியிடம் ஒலியைக் குறைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்தச் சொல், 'கத்துகிறார்கள்'. ஆண் ஒருவர் குரலெடுத்துப் பாடினால் கணீர்க் குரல், வெண்கலக் குரல் என்று பட்டம் கொடுக்கிறோம். அதே அளவுக்கு ஒரு பெண் எடுத்தால் கத்தல், கீச்சல். பெண்ணுக்கென்று நாம் வைத்திருப்பது தேனும் குயிலும்தான். 'தேன்குரல்' என்று யார் எழுதி அனுப்பினாலும் இந்தப் பத்திரிகையில் நான் அடித்துவிடுவேன். அதற்காகவே கோபித்துக்கொண்டு எழுதுவதை நிறுத்திய விமர்சகர் ஒருவர் உண்டு. இன்று வந்தாலும் அடிப்பேன்.

உங்களுக்குக் காசிமேடு பக்கம்தானே? விடியற்காலையில் போய் நின்று பாருங்கள். படகு இன்ஜின், ஐஸ் உடைக்கிற சத்தம், வண்டிக்காரர்களின் ஹாரன். இத்தனைக்கும் மேலே ஓர் அம்மா விலை சொல்ல வேண்டும். அந்தக் குரல் கூட்டத்தைத் தாண்டிப் போகாவிட்டால் அன்றைக்கு மீன் விற்காது. சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கிற பெண்களுக்கு யார் மைக் கொடுத்தார்கள்? பந்தலில் மைக் பிடித்து கானா பாடியவர்கள் நெடுங்காலமாக ஆண்கள்தான். ராயபுரத்து இசைவாணி அந்த மைக்கைப் பிடித்தார். 2018 ஜனவரியில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழு மேடையேறியபோது அந்தக் குழுவில் இருந்த ஒரே பெண் அவர். 2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. சின்ன வயதிலேயே யாராவது "மெல்லப் பாடும்மா" என்று அடக்கி வைத்திருந்தால் நமக்கு அந்தக் குரல் கிடைத்திருக்குமா?

கே.பி. சுந்தராம்பாள் மைக் இல்லாத நாடகக் கொட்டகைகளில் பாடி வளர்ந்தவர். கடைசி வரிசைக்காரனுக்கும் கேட்க வேண்டுமென்றால் நெஞ்சிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். அந்தக் குரலுக்காகத்தான் 1935-ல் ஒரு படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அதுவும் ஆண் வேடத்துக்கு!

சரி, உங்கள் காதில் ஏதோ உறுத்துவது உண்மை, அதை மறுக்கவில்லை. பாட்டைப் பதிவு செய்த பிறகு கம்ப்ரஸர் என்ற ஒன்றைப் போடுகிறார்கள். உரத்த இடங்களை அமுக்கிவிட்டு, மொத்தத்தையும் மேலே தூக்கிவிடுவார்கள். பாடகி மூச்சிழுப்பதும் உச்சஸ்தாயியில் நிற்பதும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். நம் காது மிகக் கூர்மையாக இருப்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. டிரம்ஸுக்கு நடுவே சொல் தெளிவாகக் கேட்க வேண்டுமென்று குரலை அந்த இடத்தில்தான் இன்னும் ஏற்றுகிறார்கள். உறுத்துவது அது. பாடகி வீட்டுக்குப் போன பிறகு நடக்கிற வேலை. இத்தனைக்கும் பாட்டுக் கேட்கிற ஸ்பாட்டிஃபை ஆப், எல்லாப் பாட்டின் சத்தத்தையும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. சத்தத்தை ஏற்றிப் பக்கத்துப் பாட்டை முந்த முடியாது. தெரிந்தும் ஏற்றுகிறார்கள்.

போன மாதம் வியாசர்பாடியில் ஒரு கல்யாண வரவேற்பு. பாடிய பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். கீபோர்டும் டிரம் பேடும் மண்டபத்தையே அதிர வைக்கின்றன, அவள் மைக் மட்டும் தாழ்ந்து கிடக்கிறது. சுற்றிலும் இரைச்சல் ஏறினால் மனிதக் குரல் தானாகவே உயரும். 1911-லேயே லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைச் சொல்லிவிட்டார். அவள் தொண்டை நரம்பு புடைக்கப் பாடிக்கொண்டிருந்தாள். என் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் உங்கள் சொல்லையேதான் சொன்னார்: "என்னா கத்து கத்துது பாருங்க."

எழுந்து போய் மிக்ஸர் முன்னால் இருந்த தம்பியிடம் கீபோர்டைக் குறைத்து அந்தப் பெண்ணின் மைக்கை ஏற்றச் சொன்னேன். முறைத்துவிட்டுத்தான் செய்தார், அதுவும் இரண்டு பாட்டுக்கு மட்டும். அந்த இரண்டு பாட்டையும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி பாடினாள்.