பூமியதிர்ச்சிக் காப்புறுதி எங்கள் வீட்டுக்குத் தேவையா?

கேள்வி: காரைதீவில் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 400 மீற்றர் தூரத்தில் ஓட்டு வீடொன்று கட்டி முடித்திருக்கிறோம். 2025 மார்ச்சில் மியன்மாரில் நடந்த பூமியதிர்ச்சியின் காட்சிகளைப் பார்த்ததிலிருந்து, கனடாவில் இருக்கும் எங்கள் மகன் வீட்டுக்குப் பூமியதிர்ச்சிக் காப்புறுதி எடுக்கச் சொல்லி வற்புறுத்துகிறார். ஓய்வூதியத்தை நம்பி வாழும் எங்களுக்கு இது அவசியமான செலவுதானா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, காரைதீவு

பதில்: நிலம் அதிர்ந்து சுவர் இடிந்துவிடும் என்ற அச்சம் ஒன்றுக்காக மட்டும் என்றால், தேவையில்லை என்றே சொல்வேன். மியன்மாரின் நடுவே சகாயிங் என்ற பெரும் நிலப்பிளவு ஓடுகிறது. இலங்கையோ புவித்தட்டின் ஓரங்களிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி அமைந்திருக்கிறது. அதற்காக இங்கே அதிர்வே வராது என்று கொள்ள முடியாது. 1615 இல் கொழும்பு ஒரு பூமியதிர்ச்சியால் பெரும் சேதம் அடைந்தது. உங்கள் அம்பாறை மாவட்டத்துக்கு அயலில் உள்ள மொனராகலை மாவட்டத்தின் புத்தல, வெல்லவாயப் பகுதிகளில் 2023 பெப்ரவரியில் அதிர்வு உணரப்பட்டது. ஆனால் அது 3 என்ற அளவை ஒட்டியது. ஒழுங்காகக் கட்டிய வீட்டை விழுத்தும் வலு அதற்கு இல்லை.

எனினும் உங்கள் மகனின் கவலையை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 9.1 அளவில் நிகழ்ந்த பூமியதிர்ச்சி எங்கள் வீடுகளை அசைத்து விழுத்தவில்லை. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் கழித்து வந்த கடலே மருதமுனை, காரைதீவு, திருக்கோவில், நாவலடி எங்கும் வீடுகளை அடித்துக்கொண்டு போனது. நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறைதான். ஆகவே காப்புறுதி நிறுவனத்திடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, தொலைவில் நிகழும் அதிர்வினால் எழும் கடலலை வீட்டைச் சேதப்படுத்தினால் நட்டஈடு கிடைக்குமா என்பதே. பூமியதிர்ச்சி என்றும் வெள்ளம் என்றும் மட்டும் எழுதியிருந்தால், அழிவு ஏற்பட்ட பிறகு அந்தச் சேதம் எதற்குள் அடங்கும் என்ற வாதம் எழ இடமுண்டு. சுனாமி என்பது பத்திரத்திலேயே இருக்க வேண்டும். முகவர் வாயால் சொல்லும் உறுதி போதாது.

எங்கள் நாட்டில் வீட்டுக் காப்புறுதி பெரும்பாலும் தீக் காப்புறுதியை அடிப்படையாகக் கொண்டு, மேலதிகக் கட்டணத்துக்கு இயற்கை அனர்த்தங்களைச் சேர்த்துத் தரப்படுகிறது. பூமியதிர்ச்சியும் வழக்கமாக அந்தச் சேர்க்கையுடன் வருவதால், அதைத் தனியாகத் தேடி அலைய வேண்டிய தேவை இராது. அந்தச் சேர்க்கையை எடுங்கள் என்பதே என் ஆலோசனை. 1978 நவம்பர் சூறாவளியையும் 2011 ஜனவரி வெள்ளத்தையும் கண்ட மாவட்டங்கள் நம்முடையவை. நீங்கள் கொடுக்கும் பணம் வேலை செய்யப்போவது பெரும்பாலும் காற்றுக்கும் நீருக்கும்தான்.

தொகையைத் தீர்மானிக்கும்போது மிகவும் கவனமாக இருங்கள். காணியின் பெறுமதியைச் சேர்க்காமல், அதே வீட்டை இன்றைய சீமெந்து, கம்பி, மேசன் கூலியில் மீண்டும் கட்ட எவ்வளவு செல்லும் என்று கணக்கிட வேண்டும். கட்டணத்தை மிச்சம்பிடிக்க எண்ணி, ஒரு கோடி ரூபாய் செல்லும் வீட்டை 50 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளத்தில் 20 இலட்சம் ரூபாய்க்குச் சேதம் வந்தால், 50 இலட்சம் வரை உரித்துண்டு என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். ஆனால் வீட்டின் பெறுமதியில் பாதிக்கே காப்புறுதி செய்திருப்பதால், குறைகாப்புறுதி விதியின்படி பாதிச் சேதமான 10 இலட்சமே கணக்கில் எடுக்கப்படலாம், அதிலிருந்தும் நீங்களே பொறுக்க வேண்டிய முதற்பங்கு கழிக்கப்படும். அந்த முதற்பங்கு எத்தனை வீதம் என்பதையும் கையொப்பமிடும் முன் கேட்டறியுங்கள். சுற்றுமதில், கிணறு, வெளிக்குசினி ஆகியவற்றைத் தனியாகக் குறிப்பிடாவிட்டால் அவை விடுபட்டுப்போகலாம். காணி உறுதியின் பிரதி, வீட்டின் படங்கள், காப்புறுதிப் பத்திரம் ஆகியவற்றின் ஒளிப்படங்களை இன்றே மகனுக்கு அனுப்பி வையுங்கள். 2004 இல் வீட்டோடு உறுதியையும் கடலுக்குக் கொடுத்தவர்கள் பட்ட அலைச்சல் உங்களுக்கு வரக்கூடாது.

கேள்வி: வங்கிக் கடனில் கட்டிய வீட்டுக்கு வங்கியே காப்புறுதி எடுத்திருக்கிறது. அது போதுமா?
– வாசகர், கல்லடி

பதில்: அநேகமாகப் போதாது. வங்கி முதலில் காப்பது தான் கொடுத்த கடனை. தொகையும் கடனளவுக்கே போடப்பட்டிருக்கலாம், நட்டஈடும் முதலில் வங்கிக்கே போகும். கட்டணம் உங்கள் பணம் என்பதால், பத்திரத்தின் பிரதியை எழுத்துமூலம் கேட்டு வாங்கி, இயற்கை அனர்த்தங்கள் அதில் உள்ளனவா என்று பாருங்கள். இல்லையென்றால் வித்தியாசக் கட்டணத்தைச் செலுத்தி அவற்றைச் சேர்க்கவும் தொகையை உயர்த்தவும் கேளுங்கள். பின்னர் நட்டஈட்டில் பிணக்கு வந்து, நிறுவனத்தின் எழுத்துமூலப் பதிலும் திருப்தி தராவிட்டால், காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம்.