மறந்துவிட்டுப்போன நோட்டு

பிள்ளை வளர்ப்பு: வாசகர் கேள்விகள், டீச்சர் பதில்கள்

கேள்வி: டீச்சர், என் மகனுக்கு எட்டு வயது. வாரத்தில் இரண்டு நாளாவது எதையாவது மறந்துவிட்டுப் பள்ளிக்குப் போகிறான். வீட்டுப்பாட நோட்டு, வண்ணப் பென்சில், விளையாட்டு ஷூ. வேலைக்குப் போகும் வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன். "ஒரு நாள் கொடுக்காமல் விட்டுத்தான் பாரேன்" என்கிறார் கணவர். வகுப்பில் பிள்ளை தலைகுனிந்து நிற்பதை நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. என்ன செய்யட்டும்?

பதில்: நானும் அப்படி ஓடியவள்தான் அம்மா. இருபத்தாறு வருடம் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தேன். என் மகனும் அதே பள்ளியில்தான் படித்தான். அவன் எதையாவது மறந்துவிட்டு வந்தால், இடைவேளை மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடி எடுத்துவந்து, அவன் வகுப்பு ஜன்னல் வழியாக நீட்டுவேன். அவன் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள், சக ஆசிரியை ஒருவர் பிடித்துக்கொண்டதால் நான் போகப் பத்து நிமிடம் தாமதமாகிவிட்டது. ஜன்னலில் என் முகம் தெரிந்ததுமே, "ஏம்மா இவ்வளவு லேட்டு?" என்று கோபித்துக்கொண்டான். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நோட்டை மறந்தது அவன் கணக்கிலேயே வரவில்லை. அம்மா நேரத்துக்கு வராததுதான் அவன் கண்ட தவறு. நோட்டை நினைவில் வைத்துக்கொள்ளும் வேலையை நான் மொத்தமாக என் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தேன்; அவன் நினைவில் வைக்க என்ன மிச்சமிருந்தது?

உங்கள் கணவர் சொல்வது சரி. ஆனால் திடீரென்று ஒரு நாள் கொடுக்காமல் விட்டுவிடாதீர்கள். நேற்றுவரை வந்த அம்மா இன்று சொல்லாமல் கொள்ளாமல் வராமல் போனால், எட்டு வயதுப் பிள்ளைக்கு அது கைவிடப்பட்டதுபோல இருக்கும். அவசரமில்லாத ஒரு மாலையில் உட்கார்ந்து, "அடுத்த வாரத்திலிருந்து உன் பை உன் பொறுப்பு. மறந்தால் நான் கொண்டுவர மாட்டேன். மறக்காமலிருக்க என்ன செய்யலாம், யோசிப்போமா?" என்று கேளுங்கள். வழியை அவனே சொல்லட்டும். என் மகன் கண்டுபிடித்த வழி, முந்தின இரவே பையை அடுக்கி வாசல் கதவின் கைப்பிடியில் மாட்டிவிடுவது. பையைத் தொடாமல் கதவைத் திறக்க முடியாது. எனக்கு அது தோன்றியிருக்காது.

வகுப்பு ஆசிரியரிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ஆசிரியையாக இருந்தவள் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். நோட்டு இல்லாததால் இடைவேளையில் உட்கார்ந்து எழுத வேண்டி வந்தால், அது அந்தத் தவறோடு ஒட்டிய விளைவு. எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துக் கேலி செய்தால் அது வேறு. கேலிக்கு ஆளான பிள்ளை நோட்டைப் பற்றி யோசிக்காது, ஓடி ஒளிய இடம் தேடும்.

முதல் முறை மறந்துவிட்டுப் போய் மாலையில் வாடிய முகத்தோடு வருவான். அந்த நேரம்தான் உங்களுக்குப் பரீட்சை. "நான் அப்பவே சொன்னேன்ல?" என்ற வாக்கியம் நாக்கு நுனியில் வந்து நிற்கும். தயவுசெய்து விழுங்கிவிடுங்கள். அதைக் கேட்ட நொடியில் அவன் மனம் நோட்டை விட்டுவிட்டு உங்கள்மேல் திரும்பிவிடும். வியன்னாவில் 1897-இல் பிறந்த மனநல மருத்துவர் ருடால்ஃப் டிரைகர்ஸ், தவறின் பின்னாலேயே தானாக வரும் விளைவு, பெரியவர்கள் யோசித்து அமைக்கும் விளைவு என்று இரண்டாகப் பிரித்துப் பேசியவர். பெரியவர்களின் கோபமும் குத்திக்காட்டலும் கலந்தால் இரண்டுமே தண்டனையாகிவிடும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். "ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். மீதியை அவன் சொல்வான், அல்லது சொல்லாமல் யோசிப்பான். இரண்டும் நல்லதே.

இரண்டு வாரம் நன்றாகப் போய், மூன்றாம் வாரம் மறுபடியும் மறப்பான். அதற்காகப் பழைய ஓட்டத்துக்குத் திரும்பிவிட வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவன் மனமார முயன்றும் மாதக்கணக்கில் மாற்றமே இல்லை, ஆசை ஆசையாக வைத்திருக்கும் பொருளைக்கூடத் தொலைக்கிறான், வீட்டிலும் வகுப்பிலும் எந்த வேலையையும் முடிக்க முடியாமல் திணறுகிறான் என்றால், குழந்தை மருத்துவரைப் பாருங்கள். ஏ.டி.எச்.டி. என்னும் கவனக் குறைபாட்டின் அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்குள்ளேயே தென்படும். அப்படிப்பட்ட பிள்ளையை "பட்டுத் தெரிந்துகொள்ளட்டும்" என்று விட்டால் அது தினமும் படும், தெரிந்துகொள்ளாது. என் வகுப்பில் அப்படி ஒரு சிறுவனை நான் ஒரு வருடம் முழுக்கப் பொறுப்பில்லாதவன் என்றே நினைத்திருந்தேன். அது இன்றும் என்னை உறுத்துகிறது.

கேள்வி: பத்து வயது மகள். அறையை ஒழுங்குபடுத்தாவிட்டால், சொன்ன நேரத்துக்கு வீடு திரும்பாவிட்டால், அவளுடைய கைச்செலவுப் பணத்தில் அபராதம் பிடிக்கிறோம். இரண்டு வாரம் நன்றாக நடந்தது. இப்போது, "பிடிச்சுக்கோங்கப்பா" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். தொகையைக் கூட்டலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் அபராதம் என்று நினைப்பது அவளுக்குக் கட்டணமாகிவிட்டது.

இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் பத்துக் குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஓர் ஆய்வு 2000-இல் வெளியானது. மாலையில் பிள்ளைகளை அழைத்துப்போகப் பெற்றோர் தாமதமாக வந்தார்கள். ஆறு காப்பகங்களில் தாமதத்துக்கு அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதுவரை, "பாவம், நமக்காக ஆசிரியை காத்திருக்கிறாரே" என்று இருந்த கூச்சம், பணம் கட்டியதும் போய்விட்டது. பிறகு அபராதத்தை எடுத்துவிட்ட பின்னும் பழைய நிலை திரும்பவில்லை. வளர்ந்தவர்களே இப்படியென்றால் பத்து வயதுப் பெண்ணை நொந்துகொள்ள முடியுமா?

பணத்தை இதிலிருந்து முழுக்க எடுத்துவிடுங்கள். அவள் தாமதமாக வந்ததால் நீங்கள் வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தீர்கள் அல்லவா? அதை அவளிடம் சொல்லுங்கள். பயந்துபோயிருந்ததைப் பயம் என்றே சொல்லுங்கள், கோபமாக மாற்றிச் சொல்ல வேண்டாம். சொன்ன நேரத்துக்கு வருவாள் என்ற நம்பிக்கை குறைந்ததால், அடுத்த சில நாள் வெளியே போகும் நேரம் குறையும். ஒரு வாரம் சரியாக வந்தால் பழையபடி கூடும். அறை விஷயத்தில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருக்க மாட்டேன். தேடும் பொருள் கிடைக்காத தொல்லை அவளுடையதாகவே இருக்கட்டும், நீங்கள் போய்த் தேடிக் கொடுக்காதவரை.

கேள்வி: ஐந்து வயது மகன் கண்ணாடி ஜாடியை உடைத்துத் துண்டுகளை சோபாவுக்கு அடியில் தள்ளியிருக்கிறான். யார் உடைத்தது என்றால், "பூனை" என்கிறான். எங்கள் வீட்டில் பூனையே கிடையாது. உடைத்ததைவிடப் பொய் சொன்னதுதான் என்னை வருத்துகிறது.

பதில்: வருந்த வேண்டாம். அவனுக்கு ஜாடி உடைந்தது எவ்வளவு பெரிய சேதம் என்பதுதான் தெரிகிறது. தன் மனதில் கெட்ட எண்ணம் இல்லை என்பதை எடுத்துச் சொல்லத் தெரியவில்லை.

சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே குழந்தைகளிடம் இரண்டு கதைகளைச் சொல்லிக் கேட்டார். ஒரு சிறுவன் கதவைத் திறக்கிறான், கதவுக்குப் பின்னால் தட்டில் பதினைந்து கோப்பைகள் இருந்தது அவனுக்குத் தெரியாது, எல்லாம் உடைந்துவிடுகின்றன. இன்னொருவன் அம்மா இல்லாத நேரத்தில் நாற்காலியில் ஏறி அலமாரியிலிருந்து ஜாம் எடுக்க முயலும்போது ஒரே ஒரு கோப்பையை உடைக்கிறான். யார் செய்தது பெரிய தப்பு? சிறு பிள்ளைகள் பலர், பதினைந்து உடைத்தவன்தான் என்றார்கள். ஒன்பது, பத்து வயதை நெருங்கியவர்கள்தான் மனதில் இருந்த எண்ணத்தைப் பார்த்தார்கள். இதை அவர் 1932-இல் வெளியிட்டார். இப்போது நம்மையே பார்ப்போம். பிளாஸ்டிக் டம்ளர் விழுந்தால் சும்மா இருக்கிறோம், விலை உயர்ந்த ஜாடி விழுந்தால் கத்துகிறோம். இரண்டிலும் கை தவறியது ஒரே மாதிரிதான். குழந்தை நம்மிடமிருந்து எதைக் கற்றுக்கொள்ளும்?

பொய்யைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளின் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளிடம், ஒரு பொம்மையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போனார். பெரும்பாலோர் பார்த்துவிட்டார்கள். அடிக்கும் பழக்கமுள்ள பள்ளியில், பார்த்த பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லோருமே பார்க்கவில்லை என்று சாதித்தார்கள். அடிக்காத பள்ளியில் பொய் சொன்னவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான். 2011-இல் வந்த ஆய்வு இது.

யார் என்று தெரிந்த பிறகு, "யார் உடைத்தது?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியே பொய்யை வரவழைக்கிறது. "ஜாடி உடைஞ்சிருக்கு. கண்ணாடியை நான் எடுக்கிறேன், நீ குப்பைக்கூடையைப் பிடி" என்று கூட அழைத்துக்கொள்ளுங்கள். கூட்டி முடிக்கும்போது அவனே, "நான்தாம்மா" என்று சொன்னாலும் சொல்வான்.

கேள்வி: தவறு செய்து கற்கட்டும் என்றால் எதற்கும் தடுக்கவே கூடாதா?

பதில்: சாலை, தண்ணீர், நெருப்பு, மின்சாரம், மருந்து மாத்திரை. இவற்றில் பாடம் கிடையாது, தடைதான். இன்னொரு பிள்ளைக்கு வலிக்கிறது என்றாலும் உடனே தடுக்க வேண்டும். விளைவு வெகுதூரத்தில் இருப்பவற்றிலும் பிள்ளையை விட்டுவிட முடியாது. இன்று பல் துலக்காததற்குச் சொத்தை மாதங்கள் கழித்துத்தான் வரும். அந்த இரண்டையும் குழந்தை தானாக முடிச்சுப் போடாது. தன் அறை ஜன்னலை உடைத்த சிறுவனைக் குளிர்காற்றில் விட்டுவிடுங்கள், முட்டாளாவதைவிடச் சளி பிடிப்பது மேல் என்று 1762-இல் தத்துவ அறிஞர் ரூசோ எழுதினார். எனக்கு அதில் உடன்பாடில்லை. உடைந்த ஜன்னலுக்கு அட்டை ஒட்டும்போது கூட நின்று பிடிக்கச் சொன்னால் போதும்.

கேள்வி: மேடம், என் மகளுக்குப் பதினான்கு வயது. நான்கு பேர் சேர்ந்து செய்ய வேண்டிய பள்ளி வேலையில் தன் பங்கை முடித்துவிட்டதாகச் சொல்லிவிட்டு, மொபைலில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நால்வருக்கும் மதிப்பெண் போயிற்று. மற்ற மூவரும் அவளோடு பேசுவதில்லை. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் அறையைச் சாத்திக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு உடம்பு சரியில்லை என்று ஆசிரியருக்குக் கடிதம் கொடுக்கலாமா, அந்தப் பிள்ளைகளின் பெற்றோரிடம் நானே பேசிச் சமாதானம் செய்யலாமா என்று யோசிக்கிறேன். ஒரு தகப்பனாக என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

பதில்: பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லவில்லை ஐயா. ஆனால் அந்தக் கடிதத்தை எழுதாதீர்கள். அது பொய் என்பது அவளுக்குத் தெரியும், அந்த மூன்று பெண்களுக்கும் தெரியும். இப்போது அவர்கள் அவள்மேல் கோபமாக மட்டும் இருக்கிறார்கள். கடிதம் போனால் மதிப்பும் போய்விடும். பெற்றோர்களிடம் நீங்கள் பேசினாலும் அப்படித்தான். "இதை உன்னால் தாங்க முடியாது" என்று அப்பாவே தீர்ப்புச் சொன்னதாக அவள் எடுத்துக்கொள்வாள்.

அவள் பக்கத்திலும் பாருங்கள். தள்ளிப்போடாமல் திட்டமிடும், ஆசையை அடக்கும் மூளையின் முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருப்பது. பதினான்கில் வீடியோ ஜெயித்தது கேடு கெட்ட குணத்துக்கு அடையாளமில்லை. முடிக்காததை முடித்துவிட்டேன் என்றதுதான் அவள் நேர் செய்ய வேண்டியது.

இன்று கதவைத் தட்டுங்கள். சாப்பாட்டை உள்ளே கொண்டுபோங்கள். உபதேசம் வேண்டாம். அவள் அழுது முடித்த பிறகு, "என்ன செய்யலாம்னு நினைக்கிறே?" என்று ஒரே ஒரு கேள்வி. மன்னிப்பு கேட்பது என்று வந்தால் எப்படிக் கேட்பதென்று நீங்கள் உதவலாம்: மொபைலில் செய்தி அனுப்பாமல் நேரில் போக வேண்டும், "ஆனால்" என்ற சொல் வரக் கூடாது, தான் செய்ததை அப்படியே பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும், ஆசிரியரிடம், தவறு தன்னுடையது மட்டும்தான், மற்ற மூவருக்கும் மதிப்பெண்ணைப் பரிசீலிக்க முடியுமா என்று அவளே கேட்க வேண்டும். ஆசிரியர் மறுக்கலாம். அந்தப் பெண்களும் உடனே மன்னிக்காமல் இருக்கலாம். அதையும் முன்னாலேயே அவளிடம் சொல்லிவிடுங்கள். சாப்பாடும் தூக்கமும் இன்னும் சில நாளில் சீராகவில்லை, உயிரோடு இருந்து என்ன என்பதுபோல ஒரு வார்த்தை வந்தது என்றால், அப்போது பாடம் கீடம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு மனநல ஆலோசகரிடம் அழைத்துப்போங்கள்.

என் மகள் ஆறாம் வகுப்பில் தோழியிடம் வாங்கிவந்த புத்தகத்தை மாடியில் வைத்துவிட்டு மழையில் நனையவிட்டாள். தோழிக்கு அது அவள் தாத்தா எழுதிக் கையெழுத்திட்டுத் தந்த புத்தகம். புதிது வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று நான் கிளம்பினேன். கையெழுத்தை எங்கே போய் வாங்குவது? பக்கம் பக்கமாகத் தாள் வைத்து இரண்டு நாள் உலர்த்தினாள். அப்படியும் ஓரமெல்லாம் சுருண்டுதான் இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு தோழி வீட்டுக்குப் போனாள். நான் தெரு முனையில் நின்றேன். திரும்பி வந்தவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பேசாமல் கையைப் பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்தோம். ஒரு வாரம் அந்தப் பெண் இவளோடு பேசவில்லை. அந்த ஏழு நாளும் அவள் அம்மாவுக்குப் போன் செய்துவிட என் கை பரபரத்தது. எட்டாம் நாள் மாலை பையைக்கூட இறக்காமல் சமையலறைக்கு ஓடிவந்து, "அவ இன்னைக்கு எங்கிட்ட ரப்பர் கேட்டாம்மா" என்றாள்.