ராட்டை வாங்குமுன் கதிரைப் பாருங்கள்

கேள்வி: ஆன்லைனில் பெட்டி ராட்டை (பெட்டிக்குள் அடங்கும் ராட்டை) வாங்கினேன். சக்கரம் நன்றாகச் சுற்றுகிறது, நூல்தான் வரவில்லை. பஞ்சு தரமானது, மருந்துக் கடையில் வாங்கியது. (மதுரை)

பதில்: மருந்துக் கடைப் பஞ்சு புண்ணுக்கு. நூற்பதற்கென்று அடித்து உருட்டிய பஞ்சுத் திரி வாங்குங்கள்.

கேள்வி: நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. தேங்காய் எண்ணெய் தாராளமாக விடுகிறேன். ராட்டையைத் திருப்பித் தரலாமா? (ஈரோடு)

பதில்: முதலில் அந்த எண்ணெயைத் துடையுங்கள். அது தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, கதிரும் (நூலை முறுக்கிச் சுற்றும் கம்பி) சக்கரத்தின் அச்சும் உட்காரும் இடங்களில் மட்டும். சக்கரத்திலிருந்து கதிருக்கு ஓடும் கயிற்றில் எண்ணெய் பட்டால் வழுக்கும், கயிற்றை மாற்றிவிடுங்கள். புதுக் கயிற்றில் கொஞ்சம் தேன்மெழுகு தடவினால் பிடிப்பு வரும்.

அப்படியும் அறுந்தால் கதிரைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டுங்கள். முனை துள்ளினால் கதிர் வளைந்திருக்கிறது. இதைத்தான் வருஷக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கிறேன். ராட்டைக்கு உயிர் அந்த மெல்லிய இரும்புக் கம்பி. விற்கிறவர் சக்கரத்தைச் சுற்றிக் காட்டுகிறார், பெட்டியைத் திறந்து மூடிக் காட்டுகிறார். கதிரைத் தொடுவதே இல்லை. வாங்குகிறவரும் கேட்பதில்லை. பாதிக்குப் பாதி வரவேற்பறையில் வைக்கிற பொம்மைகள். கடையிலேயே ஒரு முழம் நூற்றுக் காட்டச் சொல்லுங்கள். மாற்றுக் கதிர் கிடைக்குமா என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் நடையைக் கட்டுங்கள்.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? ஒரு கண்காட்சியில் 'அசல் தேக்கு' என்று வாங்கி வந்தேன். முதல் மழைக்கே மூடி உப்பிக்கொண்டது, உள்ளே ஒட்டுப்பலகை. பித்தளைப் பிடியின் பளபளப்பில் கதிரைப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை.

கேள்வி: '1917, காந்தி காலத்துப் பெட்டி ராட்டை' என்று 9,000 ரூபாய்க்கு வாங்கினேன். நம்பலாமா? (சென்னை)

பதில்: வாங்கிவிட்டு இப்போதா கேட்கிறீர்கள்? பெட்டி ராட்டை 1930-களில் காந்தி எரவாடா சிறையில் இருந்தபோது உருப்பெற்றது. 1917-ல் அது எங்கிருந்து வரும்? விளம்பரத்தைப் படம் பிடித்து வைத்திருந்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: 'மெஷினை வாங்குங்கள், நூலை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்' என்றார்கள். நகையை அடகு வைத்து 18,000 கட்டினேன். இரண்டு மாதம் எடுத்தார்கள், இப்போது போனையே எடுப்பதில்லை. 'வியாபாரத்துக்கு வாங்கியது, நுகர்வோர் வழக்கு செல்லாது' என்கிறார் தெரிந்தவர். (திண்டுக்கல் வாசகி)

பதில்: அம்மா, தப்பு உங்களுடையது இல்லை. தெரிந்தவர் சொன்னதும் சரியில்லை. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்ய வாங்கியவரையும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள். நகர்வில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ரசீது, அவர்கள் தந்த விளம்பர நோட்டீஸ், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். காவல் நிலையத்திலும் ஒரு புகார் கொடுங்கள். உங்களைப் போல ஏமாந்தவர்கள் ஊரில் இருந்தால் சேர்ந்து போங்கள்.

கேள்வி: மாமியார் வீட்டுப் பரணில் பழைய ராட்டை கிடக்கிறது. ஓடுமா? (தஞ்சாவூர்)

பதில்: கயிற்றை மாற்றுங்கள், கதிரைத் துடையுங்கள், சுற்றிப் பாருங்கள். காசே கொடுக்காமல் கிடைத்ததற்கு எனக்கு எதற்குக் கடிதம்?