புண் ஆறவில்லை என்றால் எதிர்ப்பு சக்தி குறைவா?

கேள்வி: சவுதியில் தோட்ட வேலை பார்த்துவிட்டு வந்த என் தம்பிக்கு முன்கையில் ஒரு புண். நான்கு மாதமாகியும் ஆறவில்லை. வலி இல்லை, சர்க்கரை இல்லை. கோவையில் சதை எடுத்துப் பரிசோதித்ததில் லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி என்று வந்திருக்கிறது. 'ஒட்டுண்ணிகள் சிலவே, அழற்சி செல்கள் ஏராளம்' என்கிறது ரிப்போர்ட். எதிர்ப்பு சக்தி போய்விட்டதென்று அம்மா தினமும் கசாயம் கொடுக்கிறார். சரிதானா?
– வாசகி, பெருந்துறை

பதில்: அம்மணி, உங்கள் தம்பியின் எதிர்ப்பு சக்தி எங்கும் போகவில்லை. அந்த ரிப்போர்ட்டே அதற்குச் சாட்சி: அதில் ஏராளம் என்று சொல்லும் அழற்சி செல்கள், ஒட்டுண்ணியை எதிர்க்க வந்த எதிர்ப்புச் செல்கள்தான்.

இதைப் பரப்புவது மணல் ஈ. கொசுவைவிடப் பொடிசு, சத்தமும் வராது, கடித்ததே தெரிந்திருக்காது. தோலுக்குள் இறங்கிய ஒட்டுண்ணி, கிருமிகளை விழுங்கிச் செரிக்க வேண்டிய மேக்ரோஃபேஜ் செல்லுக்குள்ளேயே குடியேறிப் பெருகுகிறது. டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் வந்து, இன்டர்ஃபெரான் காமா என்ற தூண்டும் புரதத்தைச் சுரந்த பிறகுதான் மேக்ரோஃபேஜ் முறுக்கேறி, நைட்ரிக் ஆக்சைடு உண்டாக்கி, உள்ளே இருப்பதைக் கொல்லும்.

இந்தச் சண்டையில் தோலும் சேர்ந்து அடிபடுகிறது. டி செல்களில் ஒரு வகை, பக்கத்துச் செல்களையும் சேர்த்தே அழிக்கும். புண்ணை உற்றுப் பாருங்கள்: நடுவில் பொருக்கு, அடியில் குழி, சுற்றிலும் தடித்த மேடு. அந்த மேடு முழுக்கப் படையெடுத்து வந்த எதிர்ப்புச் செல்கள்தான். சில லீஷ்மேனியா வகைகளில், எதிர்ப்பு எழவே எழாதவர்களுக்குப் புண்ணே வராது. உடம்பெங்கும் முடிச்சு முடிச்சாகக் கிளம்பும், உள்ளே ஒட்டுண்ணிகள் குவிந்து கிடக்கும்.

ஆகவே கசாயத்தால் இந்தப் புண் ஆறாது. எனக்குப் பெரிய கவலை வேறு: மெடிக்கலில் கேட்டு வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு களிம்பு. எதிர்ப்பை அமுக்கி, ஒட்டுண்ணிக்கு அது வழிவிடும். தயவுசெய்து வேண்டாம்.

தோல் மருத்துவரிடம் சவுதியில் இருந்ததைக் கட்டாயம் சொல்லுங்கள். எந்த வகை என்று கணிக்க உதவும். இது பல மாதங்களில் தானாகவே ஆறுவதும் உண்டு, தழும்பு மட்டும் நிற்கும். தேவைப்பட்டால் புண்ணிலேயே ஸ்டிபோகுளுக்கோனேட் என்ற ஒட்டுண்ணி மருந்தை ஊசியாகப் போடுவார்கள், அல்லது உறைய வைத்துச் சிகிச்சை தருவார்கள். தொட்டால் ஒட்டாது, குழந்தைகளைத் தாராளமாகத் தூக்கட்டும்.

ஆறிய பிறகும் கொஞ்சம் ஒட்டுண்ணி உள்ளே தங்கியிருக்கும், எதிர்ப்பு அதைக் காவல் காக்கும். பின்னாளில் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எதற்காகவேனும் எழுதினால், இந்த ரிப்போர்ட்டை அந்த மருத்துவரிடம் முதலில் காட்டச் சொல்லுங்கள்.