பத்துக்கு எட்டுப் பேர் பெண்கள்... அப்புறம்?

வாசகர் கேள்வி – பதில்: அனைத்துலக மேம்பாட்டுத் திட்டங்களில் பாலினச் சமத்துவமும் யாரும் விடுபடாத சமூக உள்ளடக்கமும்

கேள்வி: அடுக்குமாடி வீடுகளில் வாழும் பெண்களுக்கு வெளிநாட்டு நிதியில் தையல் பயிற்சி நடத்தினோம். வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் பெண்கள். மதிப்பீட்டுக்கு வந்தவரோ, பாலினச் சமத்துவத்தில் இந்தத் திட்டம் எதையும் மாற்றவில்லை என்று எழுதிவிட்டார். இது நியாயமா? (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: நியாயம் அவர் பக்கம் என்றே தோன்றுகிறது. வருகைப் பதிவேடு யார் வந்தார்கள் என்று காட்டும். தைத்து விற்ற காசு யார் கைக்குப் போனது என்று காட்டாது. நிதி தரும் நாடுகள், பொருளாதார ஒத்துழைப்புக்கான ஓஇசிடி அமைப்பின் குறியீட்டை வைத்துத் திட்டங்களைப் பிரிக்கின்றன. பாலினச் சமத்துவமே முதன்மை நோக்கம் என்றால் 2. முக்கியமான துணை நோக்கம் என்றால் 1. அப்படியொரு நோக்கமே இல்லையென்றால் 0. பெண்கள் திரண்டு வந்தார்கள் என்பதற்காக 1 கிடைக்காது. தொடக்கத்திலேயே பாலினப் பகுப்பாய்வு (யார் என்ன செய்கிறார், எது யார் பிடியில் என்ற அலசல்) செய்து, நோக்கத்தை எழுதி, அதை எப்படி அளக்கப் போகிறோம் என்றும் சொல்லியிருக்க வேண்டும்.

தையல் இயந்திரம் வீட்டில் இருக்கிறது, சரி. அதை விற்கவோ அடகு வைக்கவோ அந்த அம்மா தனியாக முடிவெடுக்க முடியுமா? வங்கிக் கணக்கு அவர் பெயரில்தான். கைப்பேசிச் செயலியின் கடவுச்சொல் யாரிடம்? ஒரு பொருள் பயன்படுத்தக் கிடைப்பது ஒன்று, அதன்மேல் பிடி இருப்பது இன்னொன்று. 1980களில் வந்த ஹார்வர்ட் பகுப்பாய்வு முறையே இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேட்கச் சொன்னது. இன்றும் பல அறிக்கைகள் முதலாவதோடு நின்றுவிடுகின்றன.

கணவன் மனைவியைச் சேர்த்து உட்காரவைத்து “வீட்டில் முடிவெடுப்பது யார்?” என்று கேட்டால் “ரெண்டு பேரும் சேர்ந்துதான்” என்றுதான் வரும். அது மரியாதைக்குச் சொல்லும் பதில். இரண்டு பேட்டியாளர்களை அனுப்புங்கள். ஒரே நேரத்தில், ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழாத இடத்தில் கேட்கட்டும். கேள்வியும் குறிப்பாக இருக்கட்டும்: கடைசியாக 200 வெள்ளிக்கு மேல் செலவானது எதற்கு, முதலில் சொன்னது யார், நீங்கள் வேண்டாமென்று சொல்லியிருந்தால் அது நின்றிருக்குமா? இரண்டு பேர் பதிலும் ஒத்துப்போகாத இடங்களைத் திருத்தி ஒன்றாக்காதீர்கள். நீங்கள் தேடியது அங்கேதான் இருக்கிறது.

நேரத்தையும் அளக்க வேண்டும். 2012இல் வேளாண்மைத் துறைப் பெண்களுக்காக வெளிவந்த அதிகாரமளிப்புக் குறியீட்டின் நேரத் தாள் அடுக்குமாடிக்கும் பொருந்தும். விடியற்காலை 4 மணியில் தொடங்கி 24 மணி நேரம், 15 நிமிடக் கட்டங்கள். சம்பள வேலையும் வீட்டு வேலையும் சேர்ந்து 10.5 மணி நேரத்தைத் தாண்டினால் அவர் வேலைப்பளு மிகுந்தவர் என்று அந்தக் குறியீடு கொள்கிறது. இதில் எளிதில் விடுபட்டுப் போவது குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் நேரம். அடுப்பில் சோறும் இடுப்பில் பிள்ளையுமாக நின்றவருக்கு ‘சமையல்’ என்று மட்டும் பதிவாகிவிடும். அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் “அதே நேரத்தில் வேறென்ன செய்தீர்கள்?” என்று இன்னொரு வரி வேண்டும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் இதை எடுத்திருந்தால், உங்கள் வகுப்புக்கான நேரம் அவர்களுடைய தூக்கத்திலிருந்து போனதா, வீட்டில் வேறு யாராவது வேலையைப் பகிர்ந்துகொண்டார்களா என்று தெரிந்திருக்கும்.

கேள்வி: 900 பேரிடம் ஆய்வு செய்தோம். மாற்றுத்திறனாளிகள் 7 பேர் மட்டுமே என்று வந்தது. அப்படியே எழுதலாமா? (வாசகர், பாயான் லெப்பாஸ்)

பதில்: எழுதாதீர்கள். உலகில் ஏறக்குறைய 130 கோடிப் பேர், அதாவது சுமார் 16 விழுக்காட்டினர், குறிப்பிடத்தக்க மாற்றுத்திறனோடு வாழ்வதாக உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் கணக்கிட்டது. வயது, ஊர், கேள்வி கேட்கும் முறை ஆகியவற்றைப் பொறுத்து இது கூடும், குறையும். ஆனால் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லையென்றால் கோளாறு கேள்வித்தாளில். “வீட்டில் மாற்றுத்திறனாளி யாராவது உண்டா?” என்று கேட்டிருப்பீர்கள். பாட்டிக்குக் காது கேட்காதது வீட்டாருக்கு ‘வயசான கோளாறு’. அக்காவின் கல்யாணம் தடைப்படுமோ என்று தம்பியின் நிலையைச் சொல்ல மாட்டார்கள். மாற்றுத்திறனாளியாகப் பதிந்தவருக்கு அரசு தரும் ஓகேயூ அட்டை வைத்திருப்பவரை மட்டும் எண்ணினாலும் இதே கதிதான், ஏனென்றால் அந்தப் பதிவு கட்டாயமில்லை.

ஐநா புள்ளியியல் ஆணையத்தின் கீழ் 2001இல் அமைந்த, மாற்றுத்திறன் புள்ளிவிவரத்துக்கான வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகளைப் பயன்படுத்துங்கள். கண்ணாடி போட்டிருந்தாலும் பார்ப்பதில் சிரமம் உண்டா? காது கேட்கும் கருவி வைத்திருந்தாலும் கேட்பதில் சிரமம் உண்டா? நடப்பதில், படி ஏறுவதில்? நினைவு வைப்பதில், கவனம் செலுத்துவதில்? குளிப்பது, உடுத்துவது போன்றவற்றில்? வழக்கமாகப் பேசும் மொழியில் பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வதில், பிறருக்குப் புரியவைப்பதில்? ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்கள்: சிரமமில்லை, கொஞ்சம் சிரமம், மிகுந்த சிரமம், முடியவே முடியாது. ஆறில் ஏதாவது ஒன்றுக்காவது ‘மிகுந்த சிரமம்’ அல்லது ‘முடியவே முடியாது’ என்றவரைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதைக் கெடுக்கும் வழிகள் பல. நான்கு பதிலை ‘ஆம், இல்லை’ என்று சுருக்குவார்கள். அறிமுகத்தில் ‘ஊனம்’, ‘மாற்றுத்திறன்’ என்று ஏதாவது சொல்லிவிடுவார்கள். உடனே பதிலளிப்பவர் “அதெல்லாம் இங்கே இல்லை” என்று கதவைச் சாத்திவிடுவார். அந்தச் சொற்களே வரக் கூடாது. உடல்நலக் காரணத்தால் சில காரியங்களைச் செய்வதில் உள்ள சிரமம் என்று தொடங்கினால் போதும். “ஆள் நன்றாகத்தானே நடக்கிறார்” என்று கேட்காமலேயே தாங்களே நிரப்பும் பேட்டியாளர்களும் உண்டு. பினாங்கில் மியன்மாரிலிருந்து வந்தவர்களிடம் கேட்கும்போது கடைசிக் கேள்வியில் கவனம் தேவை. அவர் வழக்கமாகப் பேசும் மொழி என்று அழுத்திச் சொல்லாவிட்டால் மலாய் தெரியாதவரெல்லாம் ‘மிகுந்த சிரமம்’ என்பார். எண்ணிக்கை வேறு பக்கம் பெருகிவிடும்.

இந்த ஆறும் 5 வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்கு ஆகாது. பிள்ளைகளுக்கென்று யுனிசெஃபுடன் சேர்ந்து உருவாக்கிய தனித்தொகுப்பு 2 முதல் 17 வயது வரைக்கானது. தாயோ வளர்ப்பவரோ பதில் சொல்வார். மனச்சோர்வு, பதற்றம் போன்றவையும் ஆறு கேள்விகளில் பிடிபடாது. விரிவான தொகுப்பில் உண்டு.

கேள்வி: கூட்டங்களை எல்லாரும் வரக்கூடியதாக நடத்த வரவுசெலவில் எவ்வளவு ஒதுக்குவது? (வாசகர், பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: மொத்தத்தில் 3 முதல் 5 விழுக்காடு என்பது இந்தத் துறையில் புழங்கும் கணக்கு. திட்டமுன்வரைவு எழுதும்போதே தனி வரியாகப் போடுங்கள். ‘இதர செலவு’க்குள் மறைத்தால் முதல் வெட்டு அங்கேதான் விழும்.

மலேசியச் சைகைமொழி பெயர்ப்பாளர் இரண்டு பேர் வேண்டும். 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை அவர்கள் மாறிக்கொள்வார்கள். ஒருவரே மூன்று மணி நேரம் நின்றால் இரண்டாவது மணியில் பிழைகள் தொடங்கும். உடன்வரும் துணையாளருக்குப் பயணப்படியும் சாப்பாடும் உண்டு. பிபிஆர் எனும் அரசு மலிவு அடுக்குமாடி வீட்டில் மின்தூக்கி பழுதானால் சக்கர நாற்காலிக்காரர் அன்று வர முடியாது, அதற்காகக் கைப்பேசி வழி இணையும் ஏற்பாட்டுக்கும் ஒரு தொகை. குழந்தை பார்த்துக்கொள்ள ஆளும் இடமும். பகல், இரவு ஷிஃப்ட் மாறி மாறி வேலை செய்யும் தொழிற்சாலைப் பெண்களுக்கு ஒரே கூட்டத்தை இரண்டு நேரங்களில் நடத்துவதும் செலவுதான்.

மண்டபத்தை நேரில் போய் அளந்து பாருங்கள். சாய்தளம் 1க்கு 12: வாசற்படி 15 செமீ உயரம் என்றால் சாய்தளம் 180 செமீ நீளம் வேண்டும். ஒரு பலகையைச் சாய்த்து வைத்து “ரேம்ப் இருக்கிறது” என்பவர்களை நம்ப வேண்டாம். கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி திரும்ப 150 செமீ விட்டம் தேவை. நல்ல மண்டபங்களிலும் அந்த இடத்தில் துடைப்பமும் வாளியும்தான் நிற்கும்.

உங்கள் வட்டாரத்திலேயே 1951 முதல் இயங்கும் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. பதிவுப் படிவத்தை, திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பானில் சோதித்துத் தர அங்குள்ளவர்களைக் கேளுங்கள், கூலியும் கொடுங்கள். ஆலோசகருக்குக் கட்டணமும் மாற்றுத்திறனாளிக்கு நன்றியும் என்ற வழக்கம் நல்லதில்லை.

கேள்வி: வாழ்வாதாரம் பற்றிப் பேட்டி எடுக்கும்போது ஒரு பெண் கணவர் அடிப்பதாகச் சொன்னார். எங்கள் ஆளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. (வாசகி, ஜார்ஜ்டவுன்)

பதில்: பேட்டியை நிறுத்திவிட்டு அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். “எப்போதிருந்து, எத்தனை தடவை” என்று துருவக் கூடாது, “பேசிப் பாருங்களேன்” என்று அறிவுரையும் கூடாது. நீங்கள் சொல்வதை நம்புகிறேன், இதில் உங்கள் தவறு இல்லை என்று சொல்லிவிட்டு, இப்போது வீட்டுக்குப் போவது பாதுகாப்பா என்று மட்டும் கேளுங்கள். பிறகு எங்கே போகலாம் என்ற தகவல். முடிவு அவருடையது.

அந்தத் தகவல் களத்துக்குப் போகும் முன்பே கையில் இருக்க வேண்டும், ஒவ்வோர் எண்ணையும் நீங்களே அழைத்துச் சோதித்திருக்க வேண்டும். நம் நாட்டில் தாலியான் காசிஹ் எனும் அரசு உதவித் தொலைபேசி எண் 15999. அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுகளில் எல்லா உதவியும் ஒரே இடத்தில் கிடைக்கும் நெருக்கடி மையம் உண்டு. 1990களில் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கிய ஏற்பாடு அது. ஆனால் ஆவணமில்லாத பெண்ணை யோசிக்காமல் அங்கே அனுப்பாதீர்கள். ஆவணமில்லாத நோயாளிகளைப் பற்றித் தகவல் தரச் சொல்லும் 2001ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை இருப்பதால் அடியிலிருந்து தப்பியவர் தடுப்பு முகாமில் போய் நிற்கலாம். அகதிகளோடு வேலை செய்யும் அமைப்பு வழியாக அனுப்புவதே சரி. துண்டுத்தாளை அவர் கையில் திணிக்கவும் வேண்டாம். கணவர் கண்ணில் பட்டால் அதுவே வினை. எண்ணை மனப்பாடமாகச் சொல்லிக் கொடுக்கலாம்.

வன்முறையைப் பற்றியே ஆய்வு என்றால் விதிகள் இன்னும் கடுமை: ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் கேட்கலாம், அக்கம்பக்கத்துக்கு ஆய்வின் பெயர் ‘பெண்கள் உடல்நலம்’ என்பது போல இருக்கட்டும், யாராவது உள்ளே வந்தால் சட்டென்று மாற வேறு கேள்விகள் தயாராக இருக்க வேண்டும்.

கேள்வி: குழுவில் 30 விழுக்காடு பெண்கள் என்று விதி போட்டால் போதாதா? (வாசகர், செராஸ்)

பதில்: போதாது, ஆனால் போடுங்கள். பிறகு மூன்று கூட்டங்களின் குறிப்பேட்டை எடுத்து, யார் முன்மொழிந்தது நிறைவேறியது என்று பாருங்கள். காசோலையில் யார் கையெழுத்து என்றும் பாருங்கள். தேநீருக்குப் பொறுப்பாளர் என்று ஒரு பதவி இருந்தால் அது யாரிடம் என்பதையும்.

கேள்வி: சமூகவியல் பட்டதாரி, உள்ளூர் அமைப்பில் மூன்று ஆண்டு அனுபவம். இந்தத் துறையில் அனைத்துலக வேலைக்கு எப்படித் தயாராவது? (வாசகி, செந்தூல்)

பதில்: காலம் அவ்வளவு நன்றாக இல்லை. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் 2025 ஜூலை 1 முதல் உதவித் திட்டங்களை நடத்துவதை நிறுத்திவிட்டது. அதை நம்பியிருந்த நிறுவனங்களிலிருந்து அனுபவசாலிகள் பலர் இப்போது அதே வேலைகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள். வாய்ப்பு அற்றுப்போகவில்லை. 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேற்பட்ட புதிய திட்டம் எதிலும் பாலினச் சமத்துவ நோக்கம் இருக்க வேண்டும் என்று ஆஸ்திரேலியாவின் 2023 மேம்பாட்டுக் கொள்கை சொல்கிறது. மணிலாவில் இருக்கும் ஆசிய மேம்பாட்டு வங்கியும் சாலை, தண்ணீர், மின்சாரத் திட்டங்களுக்குப் பாலினச் செயல்திட்டம் எழுத ஆள் தேடும்.

அதனால் ‘பாலினம்’ மட்டும் தெரிந்தவராக இராதீர்கள். தண்ணீர், மீன்வளம், போக்குவரத்து, பொதுநிதி, ஏதாவது ஒன்றைக் கூடவே கற்றுக்கொள்ளுங்கள். பொறியாளர்கள் இருக்கும் அறையில் மதிப்புப் பெறுபவர், பேருந்து நிறுத்தத்தில் விளக்குக் கம்பம் எங்கே நிற்க வேண்டும் என்று வரைபடத்தில் காட்டத் தெரிந்தவர்தான். வெளிநாடு போக வேண்டும் என்றும் இல்லை. பினாங்கின் பத்து மாவுங்கில் வோர்ல்ட்ஃபிஷ் எனும் அனைத்துலக மீன்வள ஆய்வு நிறுவனத்தின் தலைமையகம் இருக்கிறது. மீன்பிடித் தொழிலில் பாலினம் பற்றிப் பல ஆண்டுகளாக ஆய்வு செய்கிறார்கள். கோலாலம்பூரில், பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐநா உடன்படிக்கையைக் கண்காணிக்கும் இவ்ராவ் ஆசிய பசிபிக் அமைப்பு 1993 முதல் இயங்குகிறது. மலேசியா அந்த உடன்படிக்கையில் 1995இல் சேர்ந்தது. நாடு கொடுத்த அறிக்கையையும் ஐநா குழுவின் கருத்துரையையும் அருகருகே வைத்துப் படிப்பது எந்தப் பயிற்சி வகுப்பையும் விட மேல்.

விண்ணப்பத்தோடு எழுத்து மாதிரி கேட்பார்கள். பட்ட ஆய்வேட்டை அனுப்பாதீர்கள். உங்கள் அமைப்பின் ஏதாவது ஒரு திட்டத்துக்கு நான்கு பக்கப் பாலினப் பகுப்பாய்வு எழுதுங்கள்: யார் என்ன செய்கிறார், எது யார் பிடியில், யார் விடுபடுகிறார், அதற்காகத் திட்டத்தில் எந்த வரியை மாற்ற வேண்டும், மாற்ற எவ்வளவு செலவாகும். தேர்வு செய்பவர்கள் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கத்தை, அந்தச் செலவுக் கணக்கு இருக்கிறதா என்று. பயனாளிகளின் பெயர், வீட்டு எண், படம் எதுவும் அதில் இருக்கக் கூடாது. அமைப்பிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே அனுப்புங்கள்.