பதில்: கிளிநொச்சிக் கதையின் நாயகி அழுதுகொண்டே இருக்கிறாள்

சகோதரி, மலையகக் குடும்பத்தில், கிளிநொச்சியில் பிறந்த உங்கள் 16 வயது நாயகி ‘நான் எந்த ஊர்?’ என்று அழுகிறாளே தவிர கதை நகரவில்லை என்கிறீர்கள். அவளுக்கு ஒரு தேவையைக் கொடுங்கள். 1977 தமிழர் எதிர்ப்புக் கலவரத்துக்குப் பிறகு மலையகத் தேயிலைத் தோட்டங்களை விட்டு, கிளிநொச்சி அடங்கிய வன்னிக்கு வந்தவர்களில் பலருக்குக் குடியிருக்கும் காணிக்கே அனுமதிப்பத்திரம் கிடைக்கவில்லை. தாத்தா காடு வெட்டித் திருத்திய காணிக்காக அவளே பிரதேச செயலகத்துக்கு அலையட்டும்.

அப்புறம், பள்ளித்தோழி முதன்முறையாக வீட்டுக்கு வரட்டும். இவள் தேத்தண்ணீர் வைக்கிறாள். தோழி சிரித்துச் சிரித்துக் கதைக்கிறாள், கோப்பையை மட்டும் தொடவில்லை. அது ஆறிப்போகிறது. மலையகத்தார் வீட்டில் வாய் நனைக்காமல் ஒதுக்குவது எங்கள் பக்கம் நடக்கிறதுதான், மறைக்காமல் எழுதுங்கள். ஆனால் தோழியைக் கெட்டவளாக்க வேண்டாம். அவளும் தாய்க்குப் பயந்த பிள்ளை. எழுதியதும் இங்கே போடுங்கள், கட்டாயம் வாசிப்பேன்.