வாசகர் கேள்வி–பதில்: ஆட்டம் இல்லாத மாதங்களில் அணி கட்டுவது எப்படி?

ஆட்டம் இல்லாத மாதங்களில் அமெரிக்கக் கால்பந்து அணிகளைக் கட்டுவது எப்படி என்ற கேள்விக்குச் சென்ற இதழில் நான்கே வரியில் பதில் எழுதியிருந்தேன். அரைகுறையாக விட்டுவிட்டீர்கள் என்று மதுரையிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. குறை என்னுடையதுதான் என்பதால், இந்த இதழின் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

நான் இரவுப்பணியில் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் கணக்குகளைப் பார்க்கிறேன். மார்ச், ஏப்ரல் மாதங்களில் அங்குள்ள அதிகாரிகள் வேலைப் பேச்சைத் தொடங்குவதற்கு முன் கால் மணி நேரம் தங்கள் அணி யாரை எடுத்தது, யாரை விட்டது என்றே பேசுகிறார்கள். ஆட்டமே நடக்காத காலத்தில் பேசுவதற்கு என்ன இருக்கிறது?
– இரவுப்பணி ஊழியர், வடபழஞ்சி

நாம் காலால் உதைக்கும் பந்தைப் பற்றி அவர்கள் பேசவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற, எறிந்து பிடிக்கிற என்.எஃப்.எல். ஆட்டம் அது. மொத்தம் 32 அணிகள். செப்டம்பரில் தொடங்கும் பருவம் பிப்ரவரியில் சூப்பர் பவுல் இறுதியாட்டத்தோடு முடிந்துவிடும். அதன்பிறகு மார்ச் நடுவில் புதிய ஒப்பந்த ஆண்டு பிறக்கிறது. ஒப்பந்தம் தீர்ந்த ஆட்டக்காரர்கள் தங்களை விரும்பும் அணிக்குப் போய்க்கொள்ளலாம். ஏப்ரல் கடைசியில், கல்லூரி ஆட்டம் முடித்து வரும் இளைஞர்களை அணிகள் ஏழு சுற்றுகளாக, முறைவைத்து எடுத்துக்கொள்ளும் டிராஃப்ட் நடக்கிறது. கோடையில் ஓர் அணி 90 பேர் வரை வைத்துப் பயிற்சி கொடுத்து, பருவம் தொடங்குவதற்குள் 53 பேராகக் கழித்துவிட வேண்டும்.

ஒப்பந்த ஆண்டு பிறப்பதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஆட்டக்காரர்களின் முகவர்களோடு விலை பேச அனுமதி உண்டு. கையெழுத்து மட்டும் போடக்கூடாது. நம் மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அதைப் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டு நாளின் பரபரப்பை விளக்க வேண்டியதில்லை. துண்டை எடுக்கும்போது பேரம் முடிந்திருக்கும்.

ஐயா, கடைசி இடம் பிடித்த அணிக்கு டிராஃப்டில் முதல் தேர்வு (முதலில் ஆளை எடுக்கும் உரிமை), கோப்பை வென்ற அணிக்குக் கடைசித் தேர்வு என்று கேள்விப்பட்டேன். முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுத்தவன் நான். தோற்றவனுக்குப் பரிசு கொடுப்பது விளையாட்டுக்கு அழகா?
– ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், உசிலம்பட்டி

உங்கள் கோபம் நியாயமானதே. ஆனால் இந்த முறை தோன்றியதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. 1935-ல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளராக இருந்த பெர்ட் பெல் இந்த யோசனையை முன்வைத்தார். அவருடைய அணி தொடர்ந்து அடிவாங்கிக்கொண்டிருந்தது. நல்ல கல்லூரி ஆட்டக்காரர்கள் எல்லாம் பேரும் பணமும் உள்ள அணிகளுக்கே போய்க்கொண்டிருந்தார்கள். இப்படியே போனால் பார்வையாளர் வரமாட்டார்கள், வசூல் படுத்துவிடும், கடைசியில் வலுத்தவர்களுக்கும் எதிரில் ஆட ஆள் இருக்காது என்பது அவர் வாதம். 1936-ல் முதல் டிராஃப்ட் நடந்தது. முதல் தேர்வும் ஈகிள்ஸ் அணிக்கே கிடைத்தது. அவர்கள் தேர்ந்தெடுத்த ஜே பெர்வாங்கர் கடைசிவரை ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடாமல், ரப்பர் நுரைப் பொருள்கள் விற்கும் தொழிலுக்குப் போய்விட்டார் என்பது வேறு கதை.

டிராஃப்ட் நமக்கு அந்நியமானதும் அல்ல. தமிழ்நாடு பிரீமியர் லீகில் 2022 வரை டிராஃப்ட் முறைதான் இருந்தது. 2023-ல்தான் ஏலம் வந்தது. ஏலத்தில் இரண்டு பேர் மோதினால் விலை எங்கு நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2018-ல் மதுரை பேந்தர்ஸ் கோப்பை வென்றபோது அந்த அணியில் சுழற்பந்து வீசிய வருண் சக்கரவர்த்தியை அந்த ஆண்டு டிசம்பரில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி 8.4 கோடிக்கு எடுத்தது. அவருடைய அடிப்படை விலை 20 லட்சம். என்.எஃப்.எல். டிராஃப்டில் இந்த ஏற்றத்துக்கு இடமே இல்லை. எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டாரோ அதற்கேற்ற சம்பளம், 2011-ல் செய்துகொண்ட தொழிலாளர் ஒப்பந்தத்தில் தொடங்கிய முறைப்படி ஏறக்குறைய முன்பே முடிவாகியிருக்கும். 2024-ல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட கேலப் வில்லியம்ஸுக்கு நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்து சுமார் 39.5 மில்லியன் டாலர். 12-ஆவது ஆளான போ நிக்ஸுக்குச் சுமார் 18.6 மில்லியன். இந்த இரண்டாவது பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உரிமையாளரிடம் எவ்வளவு பணம் இருந்தாலும் இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று உச்சவரம்பு இருக்கிறதாம். அப்படியிருந்தும் நூற்றுக்கணக்கான மில்லியனில் ஒப்பந்தம் போடுகிறார்களே, கணக்கு எப்படி ஒத்துவரும்?
– மளிகை மொத்த வியாபாரி, கீழமாசி வீதி

வியாபாரிக்குத்தான் இந்தக் கேள்வி வரும். சம்பள உச்சவரம்பு 1994-ல் வந்தது. 2025-ஆம் ஆண்டுக்கு ஓர் அணிக்கு 279.2 மில்லியன் டாலராக இருந்தது. ஆனால் பணம் கைமாறும் நாளும் அது பேரேட்டில் ஏறும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஓர் ஆட்டக்காரருக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதற்கென்றே 50 மில்லியன் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் அவர் கைக்கு உடனே போய்விடும். பேரேட்டிலோ ஆண்டுக்குப் பத்துப் பத்தாக ஐந்து ஆண்டுகளில் எழுதலாம். அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள்தான் இப்படிப் பரப்ப முடியும். இரண்டு ஆண்டு ஆடவைத்துவிட்டு, சரிப்படவில்லை என்று அவரை விலக்கினால் மீதமுள்ள 30 மில்லியனும் ஒரேயடியாகக் கணக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும்; ஜூன் 1-க்குப் பிறகு விலக்கியதாகக் காட்டினால் இரண்டு ஆண்டுகளுக்குப் பிரித்துக்கொள்ளலாம். களத்தில் இல்லாத ஆளுக்காக வரம்பில் இடம் அடைத்துக்கொண்டு நிற்கும் இந்தத் தொகையை அங்கே ‘செத்த பணம்’ என்றே சொல்கிறார்கள். வராக்கடனுக்கு வட்டி கட்டுவது போன்ற வேதனை அது.

டென்வர் பிராங்கோஸ் அணியின் கதை இதற்குப் பொருத்தமானது. 2022-ல் ரஸ்ஸல் வில்சன் என்ற பெயர்பெற்ற குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்), டிராஃப்டில் தங்களுக்குரிய முதல் சுற்றுத் தேர்வுகள் இரண்டையும் இரண்டாம் சுற்றுத் தேர்வுகள் இரண்டையும் வேறு ஆட்டக்காரர்களையும் கொடுத்து வாங்கினார்கள். அதே ஆண்டு 245 மில்லியன் டாலருக்கு ஐந்தாண்டு நீட்டிப்பும் எழுதினார்கள். அந்த நீட்டிப்பு தொடங்குவதற்கு முன்பே, 2024-ல், அவரை விலக்க நேர்ந்தது. இரண்டு பருவங்களில் பரவிய செத்த பணம் சுமார் 85 மில்லியன். அந்த அணி ஐந்தாறு ஆண்டுகளுக்கு எழுந்திருக்காது என்றே பலரும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். ஆனால் அந்த ஏப்ரலில் அவர்கள் எடுத்த போ நிக்ஸ், ஆண்டுக்கு ஐந்து மில்லியனுக்கும் குறைவான சராசரிச் சம்பளத்தில் ஆடி, முதல் பருவத்திலேயே அணியை 10 வெற்றிகளோடு கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுக்குக் கொண்டுபோனார். வீணான பணத்தின் சுமையைத் தாங்கிக்கொண்டது மலிவாகக் கிடைத்த அந்த ஒரு புதுமுகத்தின் ஒப்பந்தம்தான்.

உங்கள் கையில் ஓர் அணியைக் கொடுத்தால் முதலில் என்ன செய்வீர்கள்? பெரிய ஆட்களை விலைக்கு எடுப்பீர்களா, டிராஃப்டுக்குக் காத்திருப்பீர்களா?
– கல்லூரி மாணவி, தல்லாகுளம்

யாரை விடுவது என்ற பட்டியலைத்தான் முதலில் எழுதுவேன். அங்கே தவறுகிற அணிகளில் பாதி, சொந்த ஆட்டக்காரர் ஒருவருக்கு அவர் இதுவரை ஆடிய ஆட்டத்துக்காக, இனி ஆடப்போகிற ஆட்டத்தின் விலையைக் கொடுத்துத்தான் தவறுகின்றன என்பது என் கருத்து. முப்பதைத் தாண்டிய ஓட்டக்காரரின் முழங்கால், சென்ற ஆண்டுச் சாதனையை எண்ணி இளமையாகிவிடாது. அவரை அன்போடு வழியனுப்பி, அவர் வேறு அணியில் பெரிய ஒப்பந்தம் பெற்றால், கொடுத்ததையும் எடுத்ததையும் கூட்டிக்கழித்துப் பார்த்து, அடுத்த ஆண்டு மூன்றாம் சுற்றின் இறுதியிலிருந்து ஏழாம் சுற்றுக்குள் ஏதாவது ஒன்றில் இழப்புக்கு ஈடான கூடுதல் தேர்வு ஒன்று உங்களுக்குக் கிடைக்கும். எந்த ஆண்டும் எல்லா அணிகளுக்கும் சேர்த்து இத்தகைய தேர்வுகள் 32-க்கு மேல் போகாது.

அடுத்து, மார்ச்சில் முதல் நாள் அடிதடியில் இறங்காமல், ஒரு வாரம் கழித்து மீதமிருப்பவர்களில் நடுத்தர விலைக்காரர்களை ஒன்றிரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்துக் காலியான இடங்களை அடைத்துவிடுவேன். ஏப்ரலில் டிராஃப்டுக்குப் போகும்போது, இந்த இடத்துக்கு ஆள் இல்லையே என்ற பதற்றம் இருக்கக்கூடாது. இருந்தால், மேலான ஒருவர் கண்முன் இருந்தும் தேவைக்காக ஒரு படி கீழான ஆளை எடுக்க நேரும்.

எந்த இடத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதும் முக்கியம். பந்தை எறியும் குவார்ட்டர்பேக், அவரைத் தாக்க ஓரத்திலிருந்து பாய்ந்து வருபவர், அந்தப் பாய்ச்சலைத் தடுத்துக் காக்கும் இடதுபுறக் காவலர், பந்தைப் பிடிக்க ஓடுபவர், அவரை ஒட்டி ஓடி மறிப்பவர் ஆகிய ஐவருக்கும் சந்தையில் விலை ஏறிக்கொண்டே இருக்கிறது. ஆகவே முதல் சுற்றில் இவர்களில் ஒருவரை எடுத்தால், சந்தை விலைக்கும் புதுமுகச் சம்பளத்துக்கும் உள்ள இடைவெளி முழுவதும் அணிக்கு லாபம். புதுமுக ஒப்பந்தம் நான்கு ஆண்டுகள். முதல் சுற்றில் எடுத்தவருக்கு மட்டும் ஐந்தாவது ஆண்டையும் அணி விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம். அந்த ஐந்து ஆண்டுகள்தான் அறுவடைக்காலம்.

ஒரே ஆளுக்காக வருங்காலத் தேர்வுகளை அள்ளிக்கொடுப்பது சரியா?
– வாசகர், திருமங்கலம்

பெரும்பாலும் சரியில்லை. 1989-ல் மினசோட்டா வைக்கிங்ஸ் அணி ஹெர்ஷல் வாக்கர் என்ற ஓட்டக்காரருக்காக டாலஸ் கவ்பாய்ஸ் அணிக்கு ஆட்டக்காரர்களையும், அடுத்த மூன்று ஆண்டுகளின் முதல், இரண்டாம் சுற்றுத் தேர்வுகளையும் கொடுத்தது. அந்தப் பருவத்தில் பதினாறு ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில் வென்ற டாலஸ், அந்தத் தேர்வுகளை விதைநெல்லாக வைத்துக்கொண்டு 1992, 1993, 1995 பருவங்களின் கோப்பைகளை அறுத்துக்கொண்டது. அக்காலத்தில்தான் அதன் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் பெயரால் ஒவ்வொரு தேர்வுக்கும் புள்ளி மதிப்புப் போட்ட அட்டவணை புழக்கத்துக்கு வந்தது. முதல் தேர்வுக்கு 3000 புள்ளி. 32-ஆவது தேர்வுக்கு 590. இரண்டு பேர் பேரம் பேச ஒரு பொதுப் படிக்கல் கிடைத்தது என்று சொல்லலாம்.

அண்மைக்கால உதாரணம் இன்னும் சுருக்கென்று தைக்கும். 2023-ல் கரோலைனா பேந்தர்ஸ் ஒன்பதாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு ஏற, டி.ஜே. மூர் என்ற சிறந்த ஆட்டக்காரரோடு 2024-ன் முதல் சுற்றுத் தேர்வு உள்ளிட்ட நான்கு தேர்வுகளைச் சிகாகோ பேர்ஸுக்குக் கொடுத்து, பிரைஸ் யங் என்பவரை எடுத்தது. அந்தப் பருவத்தில் கரோலைனா 17 ஆட்டங்களில் 15-ல் தோற்று அடியில் கிடந்ததால், தானே தூக்கிக்கொடுத்த தேர்வு அடுத்த ஆண்டின் முதல் தேர்வாகவே மாறிச் சிகாகோவின் கையில் இருந்தது. கேலப் வில்லியம்ஸ் அங்கே போனது அப்படித்தான்.

டிராஃப்டில் கடைசியாக எடுக்கப்படுபவர் தேறுவாரா?
– வாசகி, மேலூர்

அபூர்வமாக. 2022-ல் 262-ஆவதாக, கடைசியிலும் கடைசியாகச் சான்ஃபிரான்சிஸ்கோ எடுத்த பிராக் பர்டி, 2024 பிப்ரவரியில் அணியைச் சூப்பர் பவுல் வரை கொண்டுபோனார். அதே அணி 2021-ல் ட்ரே லான்ஸ் என்பவருக்காக மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளைச் செலவிட்டு, இரண்டே ஆண்டில் அவரை ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்கு விற்றது.

டிராஃப்டுக்கு முன் இளைஞர்களை அவ்வளவு அளந்து பார்த்தும் ஏன் தவறுகிறார்கள்?
– மாடு வளர்ப்பவர், அலங்காநல்லூர்

சுழி பார்த்து, பல் பார்த்து, திமிலைத் தட்டிப் பார்த்து வாங்கிய காளை வாடிவாசலுக்குள்ளேயே படுத்துக்கொள்வதை என்னைவிட நீங்கள் அதிகம் பார்த்திருப்பீர்கள். இண்டியானாபொலிஸ் நகரில் ஆண்டுதோறும் இளைஞர்களை நிறுத்தி 40 கெஜம் ஓடவைத்து நொடியை அளக்கிறார்கள். 102 கிலோ எடையை எத்தனை முறை தூக்குகிறார் என்று எண்ணுகிறார்கள். 2000-ஆம் ஆண்டில் அந்த 40 கெஜத்தை 5.28 நொடியில், பார்ப்பவருக்குப் பாவமாக இருக்கும் வேகத்தில், ஓடியவர் டாம் பிரேடி. 198 பேருக்குப் பிறகு அவரை எடுத்தார்கள். ஏழு சூப்பர் பவுல் வென்றார். எதிரிகள் நால்வர் மேலே பாய்ந்து வரும்போது கண் எங்கே பார்க்கிறது என்பதற்கு இன்னும் யாரும் அளவுகோல் செய்யவில்லை.

இதையெல்லாம் நம் தமிழ் தலைவாஸ் கற்றுக்கொள்ளக்கூடாதா?
– கபடி ரசிகர், வாடிப்பட்டி

அவர்களுக்கு இந்தப் பாடம் 2022-லேயே நடந்துவிட்டது. ஏலத்தில் பவன் ஷெராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தார்கள். கையிருந்த மொத்தத் தொகையில் ஏறக்குறைய பாதி அது. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அவர் பருவம் முழுவதும் வெளியே உட்கார நேர்ந்தது. அணி கவிழ்ந்துவிடவில்லை. அதுவரை அதிகம் அறியப்படாத நரேந்தர் என்ற இளைஞர் அந்தப் பருவத்தில் 200-க்கும் மேற்பட்ட ரெய்டு புள்ளிகளை எடுக்க, தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்குப் போய், புனேயிடம் 37–39 என்று இரண்டே புள்ளியில் தோற்றது. 2024 ஏலத்தில் மறுபடியும் ஒரே ஆளுக்கு, சச்சின் தன்வருக்கு, 2.15 கோடி கொடுத்தார்கள். அந்தப் பருவத்தில் அணி ஒன்பதாம் இடத்தில் முடித்தது.